மருத்துவமனையும் குடிமனையும்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் என்பன அந்நான்கு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் குறைவுபடும். ஆயினும், இந்நான்கும் ஒன்றுகூடுவதற்கு ஓர் இடம் வேண்டும் அன்றோ? அவ்விடம் எது, எவ்வளவு பெரிது, யாருடைய வீட்டுக்கு அருகில் அமைவது என்னும் வினாக்கள் அக்குறளில் எழவில்லை. இக்காலத்தில் அவை தவிர்க்க முடியாத வினாக்களாகிவிட்டன. மருத்துவம் பெரிய வளாகங்களுக்குள் சென்றுவிட்டது. அவ்வளாகங்கள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் மக்கள் குடியிருக்கின்றனர். எனவே, இடம் என்பதை மருத்துவத்தின் ஐந்தாம் உறுப்பு எனக் கூறினும் பொருந்தும்.

பழந்தமிழ் நாட்டில் மருத்துவ நிலையங்கள் இருந்தமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அது 11ஆம் நூற்றாண்டினது. அக்கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், ஆதுலசாலை எனப்பட்ட மருத்துவமனையும் நடைபெற்றதை அது தெரிவிக்கிறது. மருத்துவமனையில் இருந்த படுக்கைகள் 15. ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், மூலிகை கொண்டுவருவோர், செவிலிப் பெண்கள் ஆகியோர்க்கு ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பதினைந்து படுக்கைகள் கொண்ட நிலையம், மாணவர் ஓதும் கூடத்துக்கு அருகிலேயே இருக்க முடிந்தது. ஒன்று மற்றொன்றுக்கு இடையூறாக இருந்திருக்கக் காரணம் இல்லை.

பேரா மாநிலத் தலைநகராகிய ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்னர் ஈப்போ மருத்துவமனை எனப்பட்ட அதனைத் தோட்டத்துத் தமிழர் 'பெரியாஸ்பத்திரி' என்றே வழங்கி வந்தனர். இன்று அதில் ஏறத்தாழ 1,000 படுக்கைகள் உள்ளன. மாநிலத்தின் பிற ஊர்களில் தீர்க்க முடியாத நோய்களுக்கு மக்கள் அங்கேதான் அனுப்பப்படுகின்றனர். ஊருக்குப் புறம்பாக அது நிற்கவில்லை. கிரீன்டவுன் முதலிய பகுதிகள் சூழ நகரின் நடுவே நிற்கிறது. ஆயிரம் படுக்கை கொண்ட மருத்துவமனையைக் கட்டடம் என்பதினும் ஒரு சிற்றூர் என்பதே தகும். அதற்குச் சமையற்கூடம் வேண்டும், சலவைக்கூடம் வேண்டும், மின்தடை நேரத்தில் இயங்கும் மின்னாக்கிகள், உயிர்வளிக் கொள்கலங்கள், பிணவறை, கழிவுக் கிடங்கு, வண்டி நிறுத்தும் இடம், ஊழியர் விடுதி ஆகிய அனைத்தும் வேண்டும்.

வளர்ச்சிக்குக் காரணங்கள்

மருத்துவமனை ஏன் ஓர் அளவோடு நிற்பதில்லை? இதற்குக் காரணங்கள் பல. முதலாவது, மக்கள் முன்னினும் நீண்ட காலம் வாழ்கின்றனர். முதுமையில் வரும் நீரிழிவு, இதயநோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவை ஒருமுறை வந்து தீர்ந்துபோகும் நோய்கள் அல்ல. ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு வரச் செய்பவை. இரண்டாவது, கருவிகளின் பெருக்கம். உடலை ஊடுருவிப் படமெடுக்கும் பெருங்கருவிகளுக்குத் தனி அறையும், தடித்த சுவரும், குளிரூட்டும் பொறியும் வேண்டும். மூன்றாவது, தொற்று பற்றிய அறிவு. முன்னர் ஒரே கூடத்தில் முப்பது பேரைப் படுக்க வைத்த இடத்தில், இன்று நோயாளர்களைப் பிரித்து வைக்கவேண்டும் என்பது தெளிவாகியுள்ளது. 2020-இல் பரவிய கோவிட் தொற்று இப்பாடத்தை உலகுக்கே கற்பித்தது. படுக்கைகளின் எண்ணிக்கை கூடாவிடினும், ஒவ்வொரு படுக்கைக்கும் வேண்டிய இடம் கூடிவிடுகிறது.

இடம் போதாதபோது மருத்துவமனைக்கு மூன்று வழிகள் உண்டு. உள்ள நிலத்திலேயே உயர்ந்து செல்லலாம். பக்கத்து நிலத்தை வாங்கி விரியலாம். ஒரு பகுதியைப் பிரித்து வேறிடத்துக்குக் கொண்டுசெல்லலாம். உயர்ந்தால் நிலம் மிஞ்சும். ஆனால் அண்டை வீடுகளின் மீது நிழல் விழும், சாலையில் நெருக்கம் கூடும். விரிந்தால் பணி எளிதாகும். ஆனால் வீடுகள் மறையும். பிரிந்தால் நெருக்கடி தணியும். ஆனால் மருத்துவரும் கருவிகளும் இரண்டு இடங்களில் சிதறுவர், நோயாளர் அலைய நேரும். இம்மூன்றில் குறையே இல்லாத வழி ஒன்றும் இல்லை. யாருக்கு எந்தக் குறை சேர்கிறது என்பதே திட்டமிடுதலின் உயிர்நிலையான வினா.

இடம்பெயர்ந்த மருத்துவமனைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, இலண்டன் நகரின் புனித தாமசு மருத்துவமனையாகும். அது நூற்றாண்டுகளாகச் சவுத்வார்க் பகுதியில் இருந்தது. இருப்புப்பாதை அதன் நிலத்தின் வழியே அமைந்ததால் 1862-இல் அது இடத்தை விட்டு நீங்கியது. நகருக்குள்ளேயே இருக்கவேண்டுமா, தொலைவில் காற்றோட்டமான இடத்துக்குச் செல்லவேண்டுமா என்று பெரிய வாதம் நிகழ்ந்தது. செவிலியர் கல்விக்கு வித்திட்ட பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் தூய காற்றுள்ள இடத்தையே வற்புறுத்தினார். நோயாளர் எளிதில் வந்துசேரும் இடம் வேண்டும் என்றனர் பிறர். இறுதியில் தேம்சு ஆற்றங்கரையில் இலாம்பெத் பகுதியில் கட்டப்பட்டு, 1871-இல் திறக்கப்பட்டது. காற்றா, அருகாமையா என்னும் அவ்வாதம் இன்றுவரை வெவ்வேறு உருவில் தொடர்கிறது.

தமிழகத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இத்தொடர்பில் கருதத்தக்கது. ஐடா சுகடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய பணி அது. 1902-இல் அது 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயிற்று. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தது. பின்னர் மருத்துவமனை நகரின் நடுவே வளர, கல்லூரி சில மைல் தொலைவில் பாகாயத்தில் அமைந்தது. நோயாளர் நகருக்குள், மாணவர் நகருக்குப் புறத்தே என்பதாக அப்பிரிவினை அமைந்துவிட்டது. நாளடைவில் நகர்ப்பகுதியே போதாமற்போக, 2022-இல் இராணிப்பேட்டையில் மற்றொரு பெரிய வளாகம் திறக்கப்பட்டது. பழைய இடத்தை முற்றும் கைவிடாமலும், சுற்றியுள்ள தெருக்களை விழுங்காமலும் வளர்வதற்கு இது ஒரு வழி.

இன்னொரு கருத்தும் நோக்கத்தக்கது. இலண்டனின் புறத்தே 1970-இல் திறக்கப்பட்ட நார்த்விக் பார்க் மருத்துவமனையை வடிவமைத்த ஜான் வீக்ஸ் என்பார், மருத்துவமனைக்கு முடிந்த முடிபான வடிவம் இல்லை எனக் கருதினார். நடுவில் ஒரு நீண்ட தெருவைப் போன்ற பாதையை அமைத்து, அதன் இருபுறமும் கட்டடங்களை நிறுத்தி, ஒவ்வொன்றன் கடைசி முனையையும் நீட்டிக்கொள்ளத்தக்கதாக விட்டார். ஆலமரம் எப்பக்கம் விழுது விடும் என்பதை முன்கூட்டியே எண்ணி இடம் விடுவது போன்றது இது. முன்கூட்டியே இடம் விட்ட மருத்துவமனை, பின்னாளில் அண்டை வீட்டுக்காரரின் வேலியைத் தொடவேண்டிய தேவை குறையும். நல்ல திட்டத்தின் முதல் அடையாளம் இதுவே: இன்று கட்டுவதை மட்டும் காட்டாமல், இருபது ஆண்டுக்குப் பின் எங்கே கட்டப்படும் என்பதையும் அது சொல்லும்.

அண்டை வீட்டாரின் அச்சங்கள்

மருத்துவமனை விரிகிறது என்ற செய்தி வந்தவுடன் குடியிருப்பில் பலவகை அச்சங்கள் எழுகின்றன. அவற்றுள் அடிப்படை உள்ளவை எவை, இல்லாதவை எவை என்று பிரித்தறிவது முதற்கடமை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து முறையிட்டால், உண்மையான குறையும் பொய்யோடு சேர்த்து ஒதுக்கப்பட்டுவிடும்.

மிகப் பழமையான அச்சம் நோய் பரவும் என்பதே. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. முதல் உலகப் போரின் முடிவில் பரவிய நச்சுக் காய்ச்சலில் மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்டனர். பத்து காஜாவுக்கு அருகில், கெல்லி மாளிகையைக் கட்டிய தொழிலாளரிடையே அந்நோய் பரவியதால் அங்கு மாரியம்மன் கோயில் எழுந்தது என்பர். அந்நினைவு எளிதில் மறைவதன்று. ஆயினும் இன்றைய அறிவின்படி, மதிலுக்கு அப்பால் இருக்கும் நோயாளரிடமிருந்து தெருவில் உள்ள வீட்டுக்கு நோய் தாவுவதில்லை. காசநோய் போன்றவை காற்றோட்டமில்லாத அறையில் நெருங்கி நீண்ட நேரம் இருப்போர்க்கே பெரும்பாலும் தொற்றுகின்றன. எனவே இவ்வச்சத்தை எதிர்ப்புக்கு அடிப்படையாக்குவது பொருந்தாது.

மருத்துவக் கழிவு பற்றிய அச்சம் பாதி உண்மை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, மருத்துவ நிலையங்களின் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீட்டுக் குப்பையைப் போன்றதே. எஞ்சிய 15 விழுக்காடே தீங்கு தரத்தக்கது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி நோய்க்கழிவு தனி வகையாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அதனைத் தனியே பிரித்து, பதிவு செய்து, உரிமம் பெற்றவர்களே கொண்டுசெல்லவேண்டும். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, 'கழிவு உண்டா?' என்பதன்று. 'கழிவு வண்டி எந்த வாயில் வழியே, எந்நேரத்தில் செல்லும்? கிடங்கு எந்த வேலிக்கு அருகில் அமையும்?' என்பனவே கேட்கத்தக்கவை.

ஒலி உண்மையான குறை. மருத்துவ வண்டியின் ஊதொலி சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். குளிரூட்டும் பொறிகளின் இரைச்சலோ இரவும் பகலும் ஓயாது. 1999-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, நோயாளர் அறையில் ஒலி 30 டெசிபலுக்கு மேற்படாதிருத்தல் நலம் என்றும், குடியிருப்புகளின் வெளிப்புறத்தில் பகலில் 55 டெசிபலைத் தாண்டினால் மக்கள் பெரிதும் தொல்லைப்படுவர் என்றும் கூறுகிறது. நோயாளருக்கு அமைதி தரும்பொருட்டுப் பொறிகளை வெளிப்புற வேலியை நோக்கி வைத்துவிட்டால், உள்ளே இருப்பவர் பெற்ற அமைதியை வெளியே இருப்பவர் இழந்தவராவர். பொறியறையை வளாகத்தின் நடுவில் வைப்பதும், தடுப்புச் சுவர் எழுப்புவதும் திட்டத்தின் தொடக்கத்தில் எளிது. கட்டி முடித்தபின் அரிது.

வண்டிகளின் நெருக்கத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு மருத்துவமனை 200 படுக்கைகளைப் புதிதாகச் சேர்ப்பதாகக் கொள்வோம். மாலையில் ஒரு படுக்கைக்கு இருவர் காணவந்தால் 400 பேர். அவர்களில் பாதிப்பேர் தனித்தனி வண்டியில் வந்தால் 200 வண்டிகள். வண்டி நிற்கும் இடமும், அது திரும்பும் வழியும் சேர்த்து ஒன்றுக்கு 25 சதுர மீட்டர் எனக் கொண்டால், 5,000 சதுர மீட்டர் நிலம் வேண்டும். அதாவது அரை எக்டேர். இதில் மருத்துவர், செவிலியர், ஊழியர் ஆகியோரின் வண்டிகள் சேரவில்லை. வெளிநோயாளர் வண்டிகளும் சேரவில்லை. இவ்விடத்தை வளாகத்துக்குள் ஒதுக்காவிட்டால் அந்த 200 வண்டிகளும் எங்கே நிற்கும்? அண்டை வீடுகளின் வாயிலில்தான் நிற்கும். தரமான பேருந்து வசதி இருந்தால் இக்கணக்கே மாறும் என்பதும் நினைவில் இருத்தத்தக்கது.

மழைநீர் அடுத்தது. ஈப்போவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மாலையில் திடீரெனக் கொட்டித் தீர்ப்பது அதன் இயல்பு. ஓர் எக்டேர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 500 கன மீட்டர், அதாவது 5 இலட்சம் லிட்டர். புல்லும் மரமும் உள்ள நிலம் அதில் ஒரு பகுதியை உறிஞ்சி மெல்ல விடும். கூரையும் தாரும் மூடிய நிலமோ ஏறக்குறைய அனைத்தையும் உடனே வடிகாலில் தள்ளும். பழைய வடிகால் இதனைத் தாங்காது. தாழ்ந்த தெருக்களில் நீர் ஏறும். இதனால்தான் வடிகால் நீர்ப்பாசனத் துறை 2001 முதல் புதிய வழிகாட்டியை நடைமுறைப்படுத்தியது. புதிதாகக் கட்டுவோர், மிகுதியான நீரைத் தம் நிலத்திலேயே தேக்கிவைத்து மெதுவாக விடுவதற்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்பது அதன் உட்கருத்து.

கிந்தாப் பள்ளத்தாக்குக்கே உரிய மற்றொரு சிக்கல் நிலத்தடியில் உள்ளது. அங்கு மேலே ஈயம் எடுத்துக் கழித்த மணலும் சேறும். கீழே ஊசிமுனைகளாகவும் குழிகளாகவும் கரைந்துபோன சுண்ணாம்புப் பாறை. நிலத்தடி நீர்மட்டம் மாறினால் சில இடங்களில் தரை உள்வாங்கும். பல மாடிக் கட்டடத்துக்கு ஆழமாகத் தூண் இறக்கும்போதும், அடித்தளம் தோண்டி நீர் இறைக்கும்போதும், அருகிலுள்ள பழைய வீடுகளின் சுவர்களில் வெடிப்பு ஏற்படலாம். எனவே வேலை தொடங்குமுன் அண்டை வீடுகளின் நிலையைப் படமெடுத்துப் பதிவு செய்து வைப்பது இரு தரப்புக்கும் காப்பாகும். பின்னர் எது பழைய வெடிப்பு, எது புதியது என்ற பூசலுக்கு இடம் இராது.

சட்டம் வகுத்த வழி

தீவக மலேசியாவில் நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவது 1976ஆம் ஆண்டு நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம். அது இரு படிகளாகத் திட்டங்களை அமைக்கிறது. மாநிலம் முழுவதற்கும் பொதுநோக்கைக் கூறுவது கட்டமைப்புத் திட்டம்; எந்தத் தெருவில் எது வரலாம் என்று வரைபடத்தில் காட்டுவது உள்ளூர்த் திட்டம். உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குறித்த காலத்துள் எவரும் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம். மக்களில் மிகப் பலர் கவனிக்காமல் விட்டுவிடும் வாய்ப்பு இதுவே. மருத்துவமனைக்கு அடுத்த நிலம் நிலையத்துக்குரியது என வரைபடத்தில் நிறம் தீட்டப்படும் நாளில் எவரும் வருவதில்லை. பத்தாண்டு கழித்து எந்திரம் வந்து மண்ணைத் தோண்டும்போதுதான் கூட்டம் கூடுகிறது.

அடுத்த படி, திட்ட அனுமதி. கட்ட விரும்புவோர் உள்ளூர் மன்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். 1995-இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, விண்ணப்பத்தோடு ஒரு வளர்ச்சி அறிக்கையும் தரவேண்டும். நிலத்தின் உரிமை, மேடுபள்ளம், மண்ணமைப்பு, வடிகால், மரங்கள் ஆகியவற்றின் விவரமும், அடுத்த நிலங்களுக்கு நேரும் விளைவும் அதில் இடம்பெறவேண்டும். உள்ளூர்த் திட்டம் இன்னும் நடைமுறைக்கு வராத பகுதியாயின், அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். அறிவிப்பு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் அவர்கள் மறுப்பையும் அதற்குரிய காரணங்களையும் தெரிவிக்கலாம். நேரில் கூறவும் கேட்டுக்கொள்ளலாம். ஒட்டியுள்ள நிலங்களோடு, 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ வடிகாலோ மட்டும் இடையிடும் நிலங்களும் அண்டை நிலம் என்னும் வரையறைக்குள் அடங்கும். அரசு மருத்துவமனையாயின், மத்திய, மாநில அரசுத் துறைகள் தம் வளர்ச்சிப் பணிகள் குறித்து மாநிலத் திட்டக்குழுவைக் கலந்துகொள்ளவேண்டும் என்று அதே சட்டம் விதிக்கிறது. தனியார் மருத்துவமனைக்கு மேலும் ஒரு சட்டம் உண்டு. 1998-இல் இயற்றப்பட்ட அது, அப்பகுதியில் அத்தகைய சேவைக்குத் தேவை உண்டா என்பதையும் ஆராயச் சொல்கிறது.

உரிமைப் பத்திரம் இல்லாதவர்கள்

இச்சட்டங்களைப் படிக்கும்போது ஒரு சொல்லின் மேல் கண் நிற்கவேண்டும். அறிவிப்புப் பெறத்தக்கவர் 'உரிமையாளர்' என்கிறது சட்டம். உரிமையாளர் என்றால் நிலப்பதிவேட்டில் பெயர் உள்ளவர். வாடகைக்கு இருப்பவர் அல்லர். முதலாளி தந்த வீட்டில் இருப்பவர் அல்லர். முப்பது ஆண்டு ஒரே இடத்தில் வாழ்ந்தவராயினும் அல்லர். நிலம் கையகப்படுத்தும் 1960ஆம் ஆண்டுச் சட்டமும் இதே போக்கினது. இழப்பீட்டில் தொடர்புடையவர் யார் என்று வரையறுக்குமிடத்தில், உரிமையாளர் விரும்பியபோது வெளியேற்றத்தக்க குடியாளரை அது வெளிப்படையாக நீக்கிவிடுகிறது.

பேராவில் இது ஏட்டளவில் நிற்கும் நுணுக்கம் அன்று. ஈப்போ, செமோர், சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் இருந்த நிலத்தில் இன்று வீட்டு வரிசைகளும் கடைத் தொகுதிகளும் எழுந்துள்ளன. தோட்டத் துண்டாடல் 1950களிலேயே தொடங்கிவிட்டது; 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். தோட்டம் கைமாறும்போது லயத்தில் வாழ்ந்தோர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். கோயிலும் தமிழ்ப்பள்ளியும்கூடப் பல இடங்களில் பிறர் நிலத்தில் நின்றவையே. அத்தகைய நிலத்தையொட்டி ஒரு பெரிய நிலையம் வரும்போது, அறிவிப்புக் கடிதம் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் செல்லும், லயத்துக்கு வராது.

இதில் ஒரு முரண்பாடும் உள்ளது. மருத்துவமனை விரிய வேண்டிய தேவை எவரினும் மிகுதியாக இம்மக்களுக்கே உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தொழிலாளர் சட்டங்கள், தோட்ட முதலாளிகள் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என விதித்தன. அதனால் தோட்ட மருத்துவமனைகள் எழுந்தன. தோட்டங்கள் சுருங்கியபின் அவையும் ஒவ்வொன்றாய் மறைந்தன. மருந்து கலக்கிக் கொடுத்த தோட்டத்து 'டிரெசர்' இருந்த இடத்தில் இன்று எவரும் இல்லை. தோட்டத்தில் உழைத்து முதிர்ந்தவருக்கு இன்றுள்ள புகல் அரசு மருத்துவமனையே. ஆகவே ஒரே குடும்பம் ஒருபுறம் படுக்கைக்குக் காத்திருக்கும் நோயாளராகவும், மறுபுறம் வீட்டை இழக்க அஞ்சும் அண்டையாராகவும் இருக்கக்கூடும். மருத்துவமனை வேண்டாம் என்று சொல்வதும் அவர்களுக்குக் கேடு. எதுவும் சொல்லாதிருப்பதும் கேடு.

இந்நிலை வேறு நாடுகளிலும் தோன்றியதுண்டு. அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1967-இல் ஒரு மருத்துவக் கல்லூரியை அமைப்பதற்காக, ஏழைக் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் 150 ஏக்கர் நிலத்தை ஒதுக்க முற்பட்டனர். வீடு இழக்கவிருந்த மக்களின் கருத்துக்கு மதிப்புத் தரப்படவில்லை. அவ்வாண்டு சூலையில் அந்நகரில் பெருங்கலகம் மூண்டு 26 பேர் இறந்தனர். ஒரு வாடகை வண்டி ஓட்டுநரைக் காவலர் தாக்கியது உடனடிக் காரணம்; நிலப் பிரச்சினை உள்ளே கனன்றுகொண்டிருந்த காரணங்களுள் ஒன்று. அடுத்த ஆண்டு மக்கள் சார்பாளரோடு அமர்ந்து பேசியபின், 60 ஏக்கருக்கும் குறைவான நிலமே போதும் என்று உடன்பாடு ஏற்பட்டது. வீடிழப்போர்க்கு மாற்று வீடு, கட்டுமானத்தில் உள்ளூரார்க்கு வேலை, அப்பகுதி மக்களுக்கு மருத்துவ உதவி ஆகியனவும் அதில் சேர்ந்தன. 150 ஏக்கர் இன்றியமையாதது என்றவர்களே 60 ஏக்கருக்குள் அடங்க இசைந்தனர் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

பாஸ்டன் நகரில் நிகழ்ந்தது இதனினும் தெளிவான பாடம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனைகளின் புதிய கட்டடத்துக்காக மிஷன் ஹில் பகுதி வீடுகள் இடிபடவிருந்தன. அங்கிருந்தோர் உரிமையாளர் அல்லர், வாடகையாளரே. 1969-இல் அவர்கள் ஒரு சங்கமாகக் கூடினர். மருத்துவமனையே கூடாது என்று அவர்கள் கூறவில்லை. எங்கே கட்டுவது, எத்தனை வீடு போகும், போன வீட்டுக்கு ஈடாக எங்கே வீடு வரும் என்று கணக்குக் கேட்டனர். பல ஆண்டுப் பேச்சின் பயனாக, 1978-இல் எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பு அங்கேயே எழுந்தது. 1980-இல் மருத்துவமனையும் திறக்கப்பட்டது. சட்டம் தராத இடத்தைச் சங்கமாகக் கூடியதால் அவர்கள் பெற்றனர்.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். முதலாவது, தொடக்கத்திலேயே வருதல். உள்ளூர்த் திட்ட வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போது குடியிருப்போர் சங்கம், கோயில் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவை அதனைச் சென்று காணவேண்டும். பள்ளி நிலமும் கோயில் நிலமும் வரைபடத்தில் எந்த நிறத்தில் உள்ளன என்பதை அறியாத குழு, தன் வீட்டு வாயிலை அறியாத குழுவாகும்.

இரண்டாவது, காரணத்தோடு எழுதுதல். 'எங்களுக்கு இது பிடிக்கவில்லை' என்னும் கடிதத்துக்கு மறுமொழி கூறுவது மன்றத்துக்கு எளிது. 'வெளிவாயில் இந்தத் தெருவில் அமைகிறது. தெருவின் அகலம் இவ்வளவு. பள்ளி விடும் நேரத்தில் இத்தனை பிள்ளைகள் கடக்கின்றனர். வாயிலை மறுபுறம் வைக்க இயலும்' என்னும் கடிதத்தை அவ்வாறு ஒதுக்க முடியாது. குறையைச் சொல்லும்போது மாற்றையும் சொல்வதே பயன் தரும். உரிமையாளர் அல்லாதார்க்குத் தனி அறிவிப்பு வராதெனினும், நகர்மன்ற உறுப்பினர் வழியாகவும் சட்டமன்ற உறுப்பினர் வழியாகவும் எழுத்து மூலம் தெரிவிப்பதை எவரும் தடுக்கவில்லை.

மூன்றாவது, திட்டமிடுவோர் கடமை. சட்டம் உரிமையாளர்க்கு மட்டுமே அறிவிக்கச் சொல்கிறது என்பதால், அவர்களுக்கு மட்டுமே அறிவித்தல் முறையாகிவிடாது. குடியிருப்பில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும், அங்குள்ளோர் படிக்கும் மொழியில், ஒரு தாளில் விளக்கம் அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. பூசல் முற்றி வேலை நின்றுபோவதால் வரும் இழப்பு மிகப் பெரிது. கட்டடம் கட்டும் ஆண்டுகளில் தூசி, இரவு வேலை, கனரக வண்டி ஆகியவற்றைப் பற்றி முறையிட ஒரு பொறுப்பாளரை நியமிப்பதும் வேண்டற்பாலது.

நான்காவது, ஆசிரியர்க்கு உரியது. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவன் ஏமாறுவது அரிது. ஆயிரத்தில் ஒன்று என்னும் அளவுகோலில் வரைந்த தளப்படத்தில் ஒரு சென்டிமீட்டர் பத்து மீட்டரைக் குறிக்கும். பள்ளியையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் அந்த அளவில் மாணவர்களைக் கொண்டே வரையச் செய்யலாம். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வண்டிகள் எங்கே தேங்குகின்றன என்று குறிக்கச் சொல்லலாம். கணக்கும் புவியியலும் குடிமைப் பயிற்சியும் ஒரே பாடத்தில் அடங்கிவிடும். இவ்வாறு பயின்ற பிள்ளை வளர்ந்து, மன்றத்தின் கடிதத்தையோ பத்திரிகையில் வந்த அறிவிப்பையோ காணும்போது, அதைப் பொட்டலம் கட்டும் தாளாக எண்ணாது. தாய்தந்தையர்க்குப் படித்துக் காட்டும், நாளைக் குறித்துவைக்கும், 21 நாட்கள் கழிவதற்குள் எழுதவேண்டியதை எழுதும்.